கரிக்கணக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
புத்தகம் வைக்க அல்ல நாங்கள் அந்தக் கிடங்கைச் செப்பனிட்டது.
புத்தகங்கள் ரேஷன் கடைக்குப் பின்னறையில்
நன்றாகத்தான் இருந்தன,
அறுநூற்றுப் பதினாலு, தொலைந்தவை போக.
இல்லாதது மாதப் பணம்:
நாளிதழுக்கு, கரண்டு பில்லுக்கு,
நாலு மணியிலிருந்து ஏழு வரை
கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருக்கும் எஸ்தருக்கு.

கிடங்கு கூரையிழந்து பதினோரு வருடம்.
அதற்கு முன்பு கவுஞ்சிப் பூண்டெல்லாம் அங்கேதான் தொங்கும்,
மேலே கற்றை கற்றையாய், கீழே புகை.
வத்தலகுண்டு முதலாளி இறந்ததும்
மகன்கள் சாவியை ஊர்க் கமிட்டியிடம் நீட்டி
"என்ன வேணும்னாலும் பண்ணிக்கங்க" என்றார்கள்.
என்ன வேண்டுமானாலும் பண்ண
ஒன்பது ஞாயிற்றுக்கிழமை பிடித்தது.

முதல் ஞாயிறு இருபத்தேழு பேர்.
இரண்டாம் ஞாயிறு மழை, ஆறு பேர்.
வருகை நோட்டு என்னிடம் இருந்தது,
யாருக்கு எந்த ஞாயிறு வயிற்றுவலி என்பது எனக்குத் தெரியும்.

நாகூர்மீரான் கேரட் இறக்கிவிட்டுத்
திரும்பும் லாரியில் தகரம் ஏற்றி வந்தார்.
வாடகை கேட்கவில்லை, டீசலுக்கு மட்டும் முனகினார்.
சிலுவைமுத்து ஒவ்வொரு கழியையும் தட்டிப் பார்த்து
"ஆகாது" என்பார். இன்னொன்றைத் தட்டி,
"இதுவும்."
விடுமுறைக்கு வந்த கல்லூரிப் பிள்ளைகள்
ஆணியைவிட விரலை அதிகம் அடித்தார்கள்.
பழைய உத்தரங்களில் மட்டும் கை வைக்கவில்லை.
இத்தனை வருடப் புகை குடித்த மரத்தைக்
கறையான் முகர்ந்துவிட்டுப் போய்விடுமாம்.

ஐந்தாம் ஞாயிறு.
கூரை கொஞ்சம் மிச்சமிருந்த வடக்கு மூலையில்
ஒட்டடை இழுத்தால்
எழுத்து.
முதலாளியின் கணக்குப்பிள்ளை கரியால் எழுதியது:
பெயர், மூட்டை, முன்பணம், பாக்கி.
சடையன், பதினாலு, பாக்கி 310.
வேலப்பன், ஒன்பது, பாக்கி 122.50.
தீர்ந்தது என்ற சொல்லைத் தேடினோம்.
சுவர் முழுக்க இரண்டே இடம்.

பிரஷ்ஷைப் பிடித்தபடி எல்லோரும் வாசித்தார்கள்.
பிள்ளைகள் படமெடுத்தார்கள்.
"இத அப்படியே விடணும். வரலாறு."
செல்லக்கிளி ஒன்றும் சொல்லவில்லை.
அவள் அப்பன் பெயர் மூன்று முறை இருந்தது,
மூன்றாவது முறை ஒரு காட்டின் பெயரோடு.
அந்தக் காட்டில் இப்போது ரிசார்ட் கார்கள் நிற்கின்றன.

பிறகு அவள்தான் சுண்ணாம்பு வாளியைத் தூக்கினாள்.
"வரலாறு வேணும்னா ஒங்கப்பன் பேர எழுதி வைங்க."
கோபமில்லை, டீ கேட்கிற குரல்தான்.
அடித்தாள்.
எட்டாத வரிகளுக்குக் குழந்தைவேலு ஏணி பிடித்தான்.
வேலப்பன் அவனுடைய தாத்தா. ஏணி ஆடியது.

ஒரு கோட்டில் கரி மறையாது.
அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால்
சாம்பல் நிறத்தில் எல்லோரும் நின்றிருந்தார்கள்.
இரண்டு கோட். மூன்று.
இப்போதும் மூடுபனி நாலு நாள் இறங்காமல் நின்றால்
ஈரம் ஏறிய சுண்ணாம்புக்குள்ளிருந்து
ஒரு சடையன், ஒரு மூட்டைக் கணக்கு
தெரியும். வெயில் வந்தால் போய்விடும்.

மாசியில் முதல் பூண்டு ஏறியது, பதினெட்டுப் பேருடையது.
கற்றைக்கு இவ்வளவு என்று வாடகை.
எஸ்தர் சம்பளம், நாளிதழ் போக
நாற்பத்தைந்து ரூபாய் நின்றது.
நோட்டில் நான் கோடு போட்டேன்:
பெயர், கற்றை, தேதி, கட்டியது.

குத்தகைக் காட்டுப் பூண்டு
ஆறு கற்றையோடு வந்த செல்லக்கிளி
நோட்டைத் தன் பக்கம் திருப்பினாள்.
"பாக்கிக்கு எங்க கட்டம்?"
யாருக்கும் பாக்கி இல்லையே அக்கா, அதான் போடல.
"போடு" என்றாள்.
போட்டேன்.
"சைபர்னு எழுது. எழுத்துலயும் எழுது."