மீதி ஒன்றும் இல்லை

வால்கா சரக்கு நிலையத்தின் இரவுப் பேரேட்டில்
ஹெல்மி ரட்டாசெப் எழுதுவது
உப்புமீன் பீப்பாய், ஆளிவிதை, பைன் பலகை.
ரிகா வண்டி போனபின் அடுத்தது வரும்வரை
மூன்று மணி நேரம், ஓர் அடுப்பு,
கைப்பிடி சுற்றினால் கணக்குப் போடும் இரும்பு இயந்திரம்.

அதைக்கொண்டு அவள் உடைக்கப் பார்த்தது
11111111111111111.
பதினேழு ஒன்றுகள்.
நூற்றுப் பதினோரு கோடி கோடி,
அதற்கும் கொஞ்சம் மேலே.

"வேலி மாதிரி இருக்கிறது" என்றான்
விளக்குக் கம்பத்து எவால்ட்.
"வேலி என்றால் எங்காவது படல் இருக்கும்."

எல்லா இடத்திலும் தட்ட வேண்டாம்.
இந்த வேலிக்கு ஒரு பிடிவாதம்:
உள்ளே நுழையும் பகா எண் எதுவானாலும்
முப்பத்து நான்கால் வகுத்தால்
ஒன்று மிஞ்சியாக வேண்டும்.
103. 137. 239. 307.
கழிக்கக் கழிக்க, ஒரு சுற்று கூடிப்போனால்
இயந்திரம் மணியடிக்கும்:
கடன்பட்டுவிட்டாய், திரும்பு.
திரும்பி, மீதியை எழுதுவாள்.
இரவுக்கு மூன்று எண்கள்.

நிலையத்தின் பெயர்ப்பலகையை
மூன்று தடவை மாற்றி எழுதினார்கள்.
புதிதாய் வந்த அதிகாரிகளுக்கெல்லாம்
எல்லோரும் எழுந்து நின்றார்கள்.
ஒன்றுகள் எழவில்லை.
அவை ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தன.

ஒன்பதாம் ஆண்டு, பிப்ரவரி.
இருபது லட்சத்து எழுபத்தோராயிரத்து
எழுநூற்று இருபத்து மூன்று.
மணி அடிக்கவில்லை.
சாளரங்கள் எல்லாவற்றிலும் சுழி.
பல்சக்கரம் தேய்ந்திருக்கும் என்று
எண்ணெய் விட்டாள். மறுபடி சுற்றினாள். மறுபடி.
பிறகு தலைகீழாய்ப் பெருக்கினாள்:
ஐந்நூற்று முப்பத்தாறு கோடியே
முப்பத்திரண்டு லட்சத்து இருபத்திரண்டாயிரத்து
முந்நூற்று ஐம்பத்தேழை
அந்த இருபது லட்சத்துச் சில்லறையால்.
வலக்கோடியிலிருந்து ஒவ்வொன்றாய்
ஒன்றுகள் வந்து நின்றன.

மீதி என்ற கட்டத்தில்
ஒன்றும் இல்லை என்று எழுதினாள்.
அப்போதுதான் தெரிந்தது,
உடையக்கூடாது என்றல்லவா
இத்தனை நாளும் சுற்றியிருக்கிறோம்.
கிடைத்தது விடை. போனது துணை.

எவால்ட் கேட்டான்: "இன்னும் இரண்டு கம்பு நட்டால்?"

பத்தொன்பது ஒன்றுகள்.
முப்பத்தெட்டால் ஒன்று மிஞ்சும் பகா எண்கள்,
நூற்றைந்து கோடியையும் தாண்டும்வரை.
பெட்டியின் பின்புறத்தில் கணக்குப் போட்டாள்.
இரவுக்கு மூன்று என்றால்
ஏறத்தாழ இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டு.

அது உடையாது.
வேறு எங்கோ வேறு யாரோ
எல்லாப் படலையும் தட்டாமலே
வேறொரு வழியில் நிறுவியாயிற்று.
அந்தச் செய்தி வால்காவுக்கு
எந்தச் சரக்கு வண்டியிலும் வரவில்லை.

உடைந்ததற்குச் சாட்சி இரண்டு துண்டு.
உடையாததற்கு?

விறகு ஒன்றை அடுப்பில் தள்ளிவிட்டு
முதல் எண்ணைப் பதித்தாள், 191.
சுற்றினாள்.
மணி அடித்தது.