எல்லாம் சரி

பன்னிரண்டு கட்டளைகளை
ஒரே சொல்லுக்குள் சுருட்டி வைத்திருந்தான் ஹெய்னி.
'லோஸ்' என்று தட்டினால் போதும்
(ஃபரோ மொழியில் பூட்டு என்று பொருள்):
சாவி பிறக்கும், சான்றிதழ் புதுசாகும்,
மீன்பண்ணை மிதவைக்கும் கரைக்கும் நடுவே
யாரும் ஒட்டுக்கேட்க முடியாத சுரங்கம் திறக்கும்.
கடைசியில் பச்சை எழுத்தில் ஒரு வரி:
எல்லாம் சரி.

மூன்று வருடம் தட்டினேன்.
உள்ளே என்ன நடக்கிறதென்று கேட்டதில்லை.
தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்,
வேறென்ன வேண்டும்?
எண்ணெய்க் கப்பலில் வேலை கிடைத்து
நார்வேக்குப் போனபோது
உடைந்த நாற்காலியையும் இந்த ஒற்றைச் சொல்லையும்
எனக்கு விட்டுப் போயிருந்தான்.

பிப்ரவரி.
வோகூர் கடற்கழியில் மழை
மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் வருகிறது.
மிதவையிலிருந்து மர்யுன் அழைத்தாள்:
"நாலாம் கூண்டின் ஆக்சிஜன்
நேற்று மதியத்திலிருந்து ஒன்பது புள்ளி இரண்டு.
ராத்திரியும் அதே, விடியலிலும் அதே.
மீனுக்கு மூச்சு ஏறி இறங்காதா?"

தட்டினேன். எல்லாம் சரி.
மறுபடி தட்டினேன்.
எல்லாம் சரி.

அன்றுதான் உறையைப் பிரித்தேன்.
நானூறு வரி.
ஒவ்வொரு கட்டளையின் வாலிலும்
பிழைச் செய்திகளைப் பாதாளத்தில் தள்ளும்
சின்னஞ்சிறு குறி.
அதன்மேல் ஹெய்னியின் குறிப்பு:
'ஓயாமல் புலம்புகிறது. பிறகு பார்க்கலாம்.'

குறிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டுத் தட்டினேன்.
திரை முழுக்கச் சிவப்பு.
சான்றிதழ் காலாவதியாகி நாற்பத்தோரு நாள்.
சாவிக் கோப்பை யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.
மறுமுனை கைகுலுக்க மறுக்கிறது.
நேற்று மதியம் ஒரு நொடி மின்சாரம் போய் வந்ததே,
அதுவரை பழைய கைகுலுக்கலின் சூட்டிலேயே
ஓடிக்கொண்டிருந்திருக்கிறது எல்லாம்.

மர்யுன் படகில் போய்க் கையால் அளந்தாள்.
ஐந்து புள்ளி எட்டு.
அவள் காற்றுக்குழாயைத் திறக்க,
நான் பன்னிரண்டு கட்டளைகளையும்
கைப்புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டினேன்.
ஏழாவதில் இரண்டு முறை தவறினேன்.
விரல் விறைத்திருந்தது, குளிரால் மட்டுமல்ல.

ஹெய்னிக்கு எழுதினேன்.
ஒரே வரியில் பதில்:
'அந்த ராத்திரி எனக்குத் தூக்கம் வந்தது, பியர்னா.'
கோபப்பட முடியவில்லை.
ஞாயிறுதோறும் கோபன்ஹேகனிலிருந்து
அக்கா கேட்பாள், எப்படி இருக்கிறாய் என்று.
அவள் கேட்டு முடிக்கும் முன்பே
பச்சை எழுத்தில் பதில் வந்துவிடும் எனக்கும்.

இப்போது லோஸ் நிறையப் பேசுகிறது.
எந்தச் சாவி பழசு, எந்தக் கதவு இறுகவில்லை,
எதை அதற்கே தெரியாது.
தினமும் ஒரு பக்கம் புலம்பல்.
உட்கார்ந்து வாசிக்கிறேன்.
தேநீர் ஆறிப்போகிறது.