புதையா

ஊர்ப் பெயர் புதையா.
அரபியில் அதற்கு வேறு ஏதோ பொருள்.
என் காதுக்குத் தமிழில்தான் கேட்கிறது.
குளியலறைத் தண்ணீர்
பின்வாசலில் எழுந்து வந்து நின்ற வெள்ளிக்கிழமை
பெயர் சரிதான் என்று பட்டது.

வீட்டுக்காரி பத்ரியா போனில் சொன்னாள்:
மூன்று பேரிடம் விலை கேள்,
குறைந்ததைப் பிடி,
வாடகையில் கழித்துக்கொள்ளலாம்.
எந்த மாத வாடகை என்று
அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ரத்தம் எடுப்பது என் வேலை.
நாளொன்றுக்கு அறுபது கை.
மண்ணைக் குத்த ஆள் பிடித்துப் பழக்கமில்லை.

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்த எண்ணை அழைத்தேன்.
நேரில் வரமாட்டாராம். போட்டோ போதுமாம்.
அனுப்பினேன்.
நாற்பத்தைந்து தினார், கூடவே ஒரு கட்டைவிரல்.
நிலத்துக்குள் இருப்பதைப்
போட்டோவில் பார்த்துவிட்ட மனிதர்.

அடுத்தது கம்பெனி.
பிரசோப் என்ற எஞ்சினியர், வெள்ளை ஹெல்மெட்.
இருநூற்றுப் பத்து. ஆறு பக்கம்.
கடைசிப் பக்கத்தின் அடியில், எறும்பு எழுத்தில்:
மண்ணை அகற்றுவது இதில் அடங்காது,
தண்ணீர் ஊறினால் அடங்காது,
கேபிள் அறுந்தால் அடங்காது.
அப்படியானால் அடங்குவதுதான் எது என்றேன்.
சிரித்தார். நல்ல பல்வரிசை.

மொஃபிஜுல் சைக்கிளில் வந்தார்,
காய்கறிக்கடையில் யாரோ சொல்லி.
மெஷின் இல்லை. ஓர் இரும்புக் கம்பி.
சாணுக்குச் சாண் குத்தி, தலை சாய்த்துக் கேட்டுக்கொண்டே போனார்.
ஓரிடத்தில் கம்பி வெண்ணெயில் இறங்குவதுபோல இறங்கியது.
இன்னோரிடத்தில் செருப்பைக் கழற்றி மண்ணில் வைத்தார்.
இதைத் தாண்டி மெஷின் வராது.
ஏன்?
சுவரிலிருந்து ஒரு வயர் உள்ளே போகிறது பாருங்கள்,
எங்கேயும் வெளியே வரவில்லை.

பிறகு கேள்விகள், பாதி இந்தி, பாதி அரபி:
தோண்டிய மண்ணை எங்கே கொட்ட?
உப்புத்தண்ணி ஊறினால் பம்ப் வாடகை யாருடையது?
பலதியா பேப்பர்?
நான் கேட்கவேண்டியதையெல்லாம்
அவரே கேட்டுக்கொண்டிருந்தார்.
பதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

சிமென்ட் பையைக் கிழித்து, அதன் பின்புறத்தில் எழுதினார்:
மொத்தம் தொண்ணூற்றைந்து.
பம்ப் வைத்தால் பன்னிரண்டு.
கையால் தோண்டும் இரண்டு முழத்துக்குத் தனி.
அவர் வங்காளத்தில் கையெழுத்திட்டார்.
நான் தமிழில்.

நாற்பத்தைந்துக்கு ஆள் இருக்கும்போதா, என்றாள் பத்ரியா.
மேலே உள்ள ஐம்பது என்னுடையது என்றேன்.
அதற்குமேல் அவள் பேசவில்லை.

பேப்பர் கிடைக்க ஒன்பது நாள்.
சனிக்கிழமை விடியலில் ஒரு குட்டி மெஷின்
கேட்டில் இடிக்காமல் நுழைந்தது.
நாலடியில் மண் வியர்த்தது.
நாக்கில் வைத்துப் பார்த்தேன், கடல்.
செருப்பு வரை வந்ததும் மெஷினை அணைத்துவிட்டு
மண்வெட்டியோடு குழிக்குள் இறங்கினார்.
ஒவ்வொரு வெட்டுக்கும் நான் மூச்சைப் பிடித்தேன்,
நரம்பு தட்டுப்படாத கிழவர்களின் கையில்
ஊசியோடு நிற்கும்போது போல.

கறுப்பாக, கட்டைவிரல் தடிப்பில், கேபிள்.
அதிலிருந்து ஒரு சாண் தள்ளி உடைந்த குழாய்.
பார்த்தீர்களா என்று அவர் கேட்கவில்லை.
போட்டோ எடுத்து வீட்டுக்காரிக்கு அனுப்புங்கள் என்றார்.
தேநீருக்குச் சர்க்கரை மூன்று கரண்டி.

மூடும்போது முழங்கால் உயரம் மேடு விட்டார்.
சமமாக்குங்கள் என்றேன்.
மண் தானாக உட்காரணும் மேடம்.
இப்போது சமம் என்றால் அப்புறம் பள்ளம்.
பணத்தை எண்ணி, இருபதை என்னிடமே திருப்பித் தந்தார்:
மழை முடிந்து வாங்கிக்கொள்கிறேன்.

மேட்டைப் பார்த்த பத்ரியா கேட்டாள்:
யாரைப் புதைத்தாய்?
உங்கள் வாடகையை, என்றேன்.
சிரிக்க அவளுக்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

டிசம்பரில் ஒரே ஒரு இரவு மழை.
காலையில் மேடு தரையோடு தரை.
ஒரு மூலை மட்டும் சுண்டுவிரல் அளவு தாழ்ந்திருக்கிறது.

இருபது தினார் மசாலா டப்பாவில்.
மொஃபிஜுலுக்கு போன் செய்யவேண்டும்.
அந்த மூலையைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று
செருப்பைக் கழற்றிவிட்டு
அதன்மேல் நின்று பார்க்கிறேன்.