ஒரு குமிழி

பாடாங் செராயில், பழைய இரும்புக் கடையின் மேல்மாடி.
கீழே எடை போடுவார்கள்.
மேலே நான் பயிற்சி நூல்களுக்குப் படம் போடுகிறேன்.
காற்று ரப்பர் ஆலைப் பக்கமிருந்து அடித்தால்
சன்னலைச் சாத்திவிடுவேன்.
பக்கத்துக்கு ஆறு வெள்ளி.
வேதியியல் என்றால் ஏழு, குடுவைகள் இருப்பதால்.

போன பதிப்பை அனுப்பி "இதே மாதிரி" என்பார்கள்.
தட்டில் தண்ணீர், நடுவே மெழுகுவத்தி, மேலே கவிழ்த்த குவளை.
சுடர் அணையும்; தண்ணீர் ஏறும்,
சரியாக ஐந்தில் ஒரு பங்கு.
எரிந்து தீர்ந்த உயிர்வளியின் இடமாம் அது.
திரி இடப்பக்கம் சாய்ந்திருக்கும்.
ஏனென்று எனக்கு முன் வரைந்தவருக்கும் தெரிந்திருக்காது.
என்னிடமுள்ள ஒன்பது நூலிலும்
ஒரே காற்று ஒரே பக்கம் வீசுகிறது.

ஒரு மழை இரவில் கரண்டு போனது.
மேசைத் தட்டில் நான்கு மெழுகுவத்தி.
சும்மா, தண்ணீர் ஊற்றி
ஊறுகாய்ப் போத்தலைக் கவிழ்த்தேன்.
முதலில் சூடேறிய காற்று
விளிம்பு வழியே தப்பியது, குமிழி குமிழியாக.
பிறகு நான்கு சுடரும் அணைந்தன.
அதற்கும் பிறகுதான், போத்தல் ஆற ஆற,
தண்ணீர் ஏறியது, கிட்டத்தட்டப் பாதி வரை.
ஒற்றை வத்தியோடு மறுபடி வைத்தேன்.
ஒரு விரற்கடை கூட இல்லை.
அதே போத்தல், அதே உயிர்வளி.

குமிழிகளோடு புதிதாக வரைந்து அனுப்பினேன்.
கோலாலம்பூரிலிருந்து ஜெயசீலி மேடம் கூப்பிட்டார்:
"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும்மா.
விடைப்பட்டியில ஐந்தில் ஒன்று.
பிள்ளைக்கு ரெண்டு புள்ளி போச்சுன்னா
நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

அழித்தேன். ஒவ்வொன்றாக, பதினொன்று.
பன்னிரண்டாவதை விட்டுவைத்தேன்,
குவளையின் விளிம்பில், கொசு முட்டை அளவுக்கு.
அச்சில் விழுந்த அழுக்கு என்று நினைத்திருப்பார்கள்.

மறு ஆண்டு, ஈப்போவில் அச்சான வேறொரு நூல்:
திரி இடப்பக்கம். விளிம்பில் என் குமிழி.
அடுத்த ஆண்டு இன்னொன்றில்,
கொஞ்சம் பெருத்துக்கூட இருந்தது.
தனியாகச் சிரித்தேன். பரவட்டும்,
என்றைக்காவது ஒரு பிள்ளை
"இது என்ன?" என்று கேட்காமலா போகும்.

யாரோ கேட்டிருக்க வேண்டும்.
எதிர்க்கடைத் தர்வின் நேற்று உருப்போட்டுக்கொண்டிருந்த புது நூலில்
குமிழியிலிருந்து ஒரு கோடு கிளம்பி
பக்க ஓரம் வரை போயிருந்தது. அங்கே
தடித்த எழுத்தில்: உயிர்வளி.

"இத எழுதினா ஒரு புள்ளி, ஆண்ட்டி" என்றான்.