நாற்பத்தெட்டாவது மணி

கன்ட்ரோல் தட்டில் வெறும் எத்தனால்.
மற்றதில் டெக்சாமெத்தசோன்.
எவ்வளவு என்றால்
ஒரு தண்ணீர் லாரிக்கு ஒரு சிட்டிகை உப்பு.

எலியின் கணையக் கட்டியிலிருந்து வந்த செல்கள்.
நான் பிறக்குமுன்பே செத்துப்போன எலி.
செரிக்க எதுவுமில்லாத பிளாஸ்டிக்கில்
வேலையைப் பாதி மறந்து
பெருகிக்கொண்டு மட்டும் இருந்தன.

இந்த மருந்து கதவு தட்டாது.
கொழுப்புச் சுவருக்குள் கொழுப்பாய் நுழையும்.
உள்ளே ஓர் ஏற்பி,
துணைப் புரதங்கள் தோளைப் பிடித்திருக்க
சும்மா நிற்கும்.
கிடைத்ததும் உதறிவிட்டு
உட்கருவுக்குள் போய்
டிஎன்ஏவில் தனக்குத் தெரிந்த நாலெழுத்தின்மேல் உட்காரும்.

அமைலேஸ் மரபணுவிடம் எழும்பு என்கிறது.
அதே வாய்
இன்னொன்றிடம் கிட என்கிறது.
ஏன் என்று கேட்டுத்தான்
மூன்று வருஷமாய்
நாகர்கோவில் கடைசி பஸ்ஸைத் தவறவிடுகிறேன்.

ராத்திரி இரண்டு மணிக்கு போன்.
ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி, கொழுந்தன் வியாகுலதாஸ்.
ரப்பர் ஷீட் அடிக்கிற புரையில்
ஆசிட் நெடி ஏறி மூச்சு முட்டிப் போனவர்.
"மயினி, பயங்கரப் பசி.
மரச்சீனி வேவிச்சுக் கொண்டு வரணும்.
சாளக் கறி இல்லாம வராதீங்க."

கையில் ஏறும் ஊசி என்ன என்று கேட்டேன்.
நர்ஸிடம் கேட்டுச் சொன்னார்.
என் தட்டில் இருப்பதுதான்.

சிரிப்பு வந்தது. பிறகு பயம்.
எலி செல் சொல்வதை
மனுஷன் வயிற்றில் ஏற்றிச் சொல்லக் கூடாது,
மாணவர்களை நானே திட்டுகிற வரி.
அவர் பசி வேறெங்கோ, மூளையில் இருக்கலாம்.
எனக்குத் தெரியாது.

வடசேரிச் சந்தையில் ஒரு கிலோ கிழங்கு.
ஒரு துண்டை மட்டும் அரைத்து
மாவு தெளியவைத்தேன்.
மீதி குக்கரில், ஐந்து விசில்.

காலை ஒன்பது. நாற்பத்தெட்டாவது மணி.
மாவுக் கரைசலில் செல்சாற்றை ஊற்றிப்
பத்து நிமிஷம் கழித்து அயோடின் விட்டேன்.
கன்ட்ரோல் நாவல்பழ நீலம்.
மற்றது
பழுப்பாகி, மஞ்சளாகி,
மாவு இருந்த தடமே இல்லை.

போன தடவை கரண்ட் போய் இன்குபேட்டர் ஆறிவிட்டது,
அதை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது.
இன்னும் இரண்டு முறை வர வேண்டும்.
நோட்டில் அப்படியே எழுதினேன்,
விரலில் அயோடின் கறையோடு
தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"கறியில புளி கொறவு" என்றார்,
மூன்றாவது துண்டைப் பிட்டுக்கொண்டே.