ஏழாவது நிமிஷம்

மழைக்கு ஒதுங்கத்தான் உள்ளே போனேன்.
எமரால்டிலிருந்து ஊட்டி பஸ்ஸுக்கு
இன்னும் நாற்பது நிமிஷம்.
சீட்டு பத்து ரூபாய். என்னிடம் ஐந்நூறுதான்.
'சில்லறை இல்லை, போகும்போது பாத்துக்கலாம்,'
என் குடையை வாங்கி மூலையில் சாய்த்தார்.
நெஞ்சுப் பட்டையில் பெயர்: மாதி.

பழைய மின்வாரிய குவார்ட்டர்ஸ்.
நடுவில் ஒரு மேஜை, அதன்மேல்
மரத்தூளும் பசையும் பிசைந்து செய்த கல்லொரை:
முப்பத்தோரு வீடு, எருமைக் கொட்டில்,
கோயிலுக்குப் பதில் ஒரு பாசிமணி.
சுவரைச் சுற்றி நீலக்கோடு,
அணையின் நீர்மட்டமாம்.
என் தோளுக்கும் மேலே ஓடியது.

கூரை ஒழுகியது,
சொட்டுச் சொட்டாக நாலாம் வீட்டின்மேல்.
மாதி அந்த வீட்டை மட்டும் பிடுங்கி
சட்டைப் பையில் போட்டுக்கொண்டு
அங்கே ஒரு டம்ளரை வைத்தார்.

ஓரத்தில் ஹெட்போன். அட்டையில்:
'இம்மொழி பேசிய கடைசிப் பெண்மணி.
இறைவணக்கம். பன்னிரண்டு நிமிடம்.'
மாட்டிக்கொண்டேன்.
ஏறி, இறங்கி, நடுவே இருமி,
மறுபடி ஏறுகிற குரல்.
செருப்பைக் கழற்றியிருக்கலாமோ என்று பட்டது.
கண்ணை மூடி நின்றேன்.

மாதி தோளைத் தட்டினார்.
'வணக்கமெல்லாம் இல்லீங்க.
ஊரைக் காலி பண்ணப்போ
யார் யார் என்ன தரணும்னு சொல்லுது.
மூணாம் வீடு, ராகி ரெண்டு படி.
பூசாரி வீடு, இரும்புச் சட்டி, மூடி இல்லாம.
ஏழாவது நிமிஷம் எங்கப்பா பேர் வரும்.
ஒரு மம்பட்டி.'

உங்களுக்கு அந்தப் பேச்சு தெரியுமா?
'திட்டினா புரியும். பேச வராது.'
அட்டையை மாற்றச் சொல்லவில்லையா?
'சொன்னேன். அட்டை கோயமுத்தூர்ல அடிச்சதுன்னாங்க.'

திரும்ப ஓடவிட்டு ஏழாவது நிமிஷத்துக்குக் காத்திருந்தோம்,
ஆளுக்கொரு காதில் ஹெட்போனைப் பிடித்தபடி.
ஆறாவதில் கரண்ட் போனது.

'இதுவும் தினம்தான்,' என்றார் இருட்டில்.
எங்கள் தாராபுரத்துத் தெருவிளக்கு
எந்தத் தண்ணீரில் எரிகிறதென்று
இதுவரை நான் யாரையும் கேட்டதில்லை.
அப்போதும் கேட்கவில்லை.
டம்ளரில் சொட்டு விழும் சத்தம் மட்டும்
கொஞ்சம் கனத்துக்கொண்டே வந்தது.

ஹார்ன் கேட்டது. ஓடினேன்.

இத்தலார் தாண்டி,
கண்டக்டர் ஐந்நூறை வாங்கி
முகம் சுளித்தபோதுதான் உறைத்தது.
பத்து ரூபாய்.
குடையும் அங்கே.