வெள்ளைக் கம்பி

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
காலை பத்துவரை விடியாது.
மாலை ஐந்தரைக்கே திரும்ப இருட்டு.
நடுவில் கிடைக்கிற வெளிச்சத்தையும்
காற்று அடித்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் சமையலறை விளக்கு மட்டும்
அணைத்த பிறகும் அணையாது.
சுவிட்சைத் தட்டினால் ஒளி போகும்,
முழுக்கப் போகாது.
பால் குடித்து வைத்த தம்ளரின் அடியில்
ஒட்டியிருக்கும் வெள்ளைபோல
பல்புக்குள் ஏதோ மிச்சம்.

சுவிட்சுக்கும் நரம்புத் தளர்ச்சி.
இரண்டு தட்டு வீண்.
மூன்றாவதை அழுத்திப் பிடித்தால்தான் எரியும்.

"பல்புதான் மட்டம். மாற்று" என்றான் ஹெரால்டோ,
மூன்று வாரத்துக்கு ஒருமுறை
கப்பலிலிருந்து கிடைக்கிற நான்கு நிமிடத்தில்.
இந்த வீட்டு வயரிங் அவன் கைவேலை.
கல்யாணமான வருஷம்,
ஒரே சனிக்கிழமையில்,
விசிலடித்துக்கொண்டே செய்து முடித்தான்.

மாற்றினேன். மூன்று பல்பு.
மூன்றும் இரவெல்லாம்
அரைக்கண் திறந்தே தூங்கின.

ஹார்டுவேர் கடைப் பெண் கேட்டாள்:
"டெஸ்டர் வீட்டுக்காரருக்கா?"
"சுவருக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மெயினை இறக்கினேன்.
ஃபிரிட்ஜ் ஒருமுறை குலுங்கி நின்றது.
அயேலென் டார்ச் பிடித்தாள்,
பாதி நேரம் சுவரில்,
பாதி நேரம் என் மூக்குத் துவாரத்தில்.

தினம் எட்டு மணி நேரம்
நண்டு ஓடு உடைக்கிற கைக்கு
இந்தச் சின்னத் திருகு பிடிபடவில்லை.
இரண்டுமுறை விழுந்து
அடுப்புக்கடியில் உருண்டது.

பெட்டிக்குள் தூசி,
காய்ந்த பூச்சி ஒன்று,
சுவிட்சில் மாட்டியிருந்த வெள்ளைக் கம்பி.

இந்த ஊரில் வெள்ளை என்றால் நியூட்ரல்.
மின்சாரம் திரும்பிப் போகிற வழி.
அதற்கு இங்கே வேலையில்லை.
சுவிட்ச் வெட்ட வேண்டியது சிவப்பை.
சிவப்போ யாரையும் கேட்காமல்
நேராக மேலே ஏறி
பல்பின் கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது,
பதினோரு வருஷமாக.

ஆக, நான் இத்தனை நாள் சாத்தியது
கொல்லைப்புறக் கதவை.
வாசல் திறந்தே கிடந்திருக்கிறது.

எத்தனை கிறிஸ்துமஸுக்கு
ஈரத்துணியோடு ஸ்டூலில் ஏறி
அந்த ஹோல்டரைத் துடைத்திருக்கிறேன்,
சுவிட்சைத் திரும்பிப் பார்த்து
அணைந்துதான் இருக்கிறது என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

கீழே இறங்கித் தண்ணீர் குடித்தேன்.
"ஏன் இறங்கிட்டே?" என்றாள் அயேலென்.
"தாகம்."

மேலே சந்திப்புப் பெட்டியில்
சிவப்பையும் வெள்ளையையும் இடம் மாற்றினேன்.
இரண்டாயிரம் பெசோவுக்குப் புதுச் சுவிட்ச்.
வெள்ளைக் கம்பியின் முனையில்
சிவப்பு டேப் மூன்று சுற்று,
இனிமேல் இதைத் திறப்பவர்
நிறத்தை நம்பிச் சாகக் கூடாது.

மெயினை ஏற்றினேன்.
ஒரு தட்டு. எரிந்தது.
ஒரு தட்டு.

அப்படியொரு இருட்டை
இந்த வீடு பார்த்ததில்லை.
மேசை போயிற்று. என் கை போயிற்று.
தகரக் கூரை மட்டும் பக்கத்தில் வந்து இரைந்தது.

அயேலென் அழுதாள்.
அந்த மிச்ச வெளிச்சத்தில்தான்
ராத்திரி பாத்ரூம் போய்க்கொண்டிருந்தாளாம்.
எனக்குத் தெரியாது.
"பழசையே மாட்டு" என்றாள்.
"அது வேண்டாம்."
"நல்லாத்தானே இருந்துச்சு."
பதில் சொல்லாமல்
பாத்ரூம் விளக்கைப் போட்டு
கதவை ஒருக்களித்து வைத்தேன்.

புதன்கிழமை ஹெரால்டோ கூப்பிட்டான்.
"பல்பு மாத்தினியா?"
"பல்புல ஒண்ணுமில்ல."
கொஞ்ச நேரம் கடல் மட்டும் பேசிற்று.
"அப்புறம்?"
நான்கு நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமா இது.
"வா, பேசிக்கலாம்" என்றேன்.
மீன் எப்படி என்று கேட்டேன்.
பரவாயில்லை என்றான்.

பழைய சுவிட்ச்
இப்போது அயேலெனின் போர்வைக்குள்.
டக்.
டக்.
சத்தமில்லாமல் கொஞ்ச நேரம்,
விரலால் அழுத்திப் பிடிக்கிறாள் போலும்.

"அம்மா, எரியுது."

"கண்ணு கூசுது, அணைச்சிடு" என்றேன்
இருட்டிலிருந்து.